பல்மதிப்புத் தரவுத்தளமும் அறிக்கைக் கருவியும்: எந்த வழியில் இணைப்பது?

யூனிவர்ஸ், யூனிடேட்டா, டி3, ஜேபேஸ் என்று பெயர்கள் வேறுபட்டாலும், பிக் என்ற பழைய இயங்குதளத்தின் வழி வந்த இந்தத் தரவுத்தளங்கள் எல்லாம் ஒரே பதிவின் ஒரே புலத்தில் பல மதிப்புகளை வைத்துக்கொள்பவை. புலங்களுக்கு இடையே 254 என்ற எண்ணுக்குரிய குறியும், ஒரு புலத்துக்குள் உள்ள மதிப்புகளுக்கு இடையே 253உம், உள்மதிப்புகளுக்கு இடையே 252உம் நிற்கின்றன. பவர் பிஐ, டேப்லோ, கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் ஆகிய அறிக்கைக் கருவிகளோ அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஒரே மதிப்புதான் இருக்கும் என்று கொண்டு எழுதப்பட்டவை. ஆகவே, இணைப்பு வழிகளை ஒப்பிடும்போது வேகத்தையும் விலையையும் விட முதலில் பார்க்கவேண்டியது, பல மதிப்புகளைத் தனித்தனி வரிசைகளாகப் பிரிக்கும் வேலை எங்கே நடக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்பதைத்தான்.

பலரும் முதலில் நாடுவது, தரவுத்தளத்தை வேறு மென்பொருள்களோடு இணைக்கும் ஓடிபிசி அல்லது ஜேடிபிசி இயக்கியை. அகராதியில், அதாவது கோப்பின் புலங்களை விவரிக்கும் பட்டியலில், ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று குறிக்கப்பட்ட புலங்களை இயக்கி ஒரு துணை அட்டவணையாகக் காட்டும். பார்க்க எளிது, பிழையும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒரு விற்பனை ஆணையில் மூன்று பொருள்கள் (400, 250, 350), இரண்டு தவணைகள் (600, 400) இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பொருள் அட்டவணையையும் தவணை அட்டவணையையும் ஆணை எண்ணை மட்டும் கொண்டு ஒரே அறிக்கையில் இணைத்தால், 3 × 2 என்று ஆறு வரிசைகள் வரும். பொருள்களின் கூட்டுத்தொகை 2000 என்றும், செலுத்திய தொகை 3000 என்றும் அறிக்கை காட்டும். உண்மையில் இரண்டுமே 1000தான். எந்தக் கருவியும் இதற்காகப் பிழைச் செய்தி தராது.

இயக்கி முழுக்க அகராதியை நம்பியிருப்பது அடுத்த சிக்கல். பல ஆண்டுகளாகப் பல கைகள் தொட்ட அகராதியில் ஒரே புலத்துக்கு நான்கைந்து பெயர்கள் இருக்கும். சிலவற்றில் மாற்றக் குறியீடு (உள்ளே இருக்கும் எண்ணைப் படிக்கத்தக்க தேதியாகவோ தொகையாகவோ மாற்றுவது) இருக்கும், சிலவற்றில் இருக்காது. இந்தத் தரவுத்தளங்கள் 1967 டிசம்பர் 31ஐ சுழியம் என்று கொண்டு நாள்களை எண்ணுகின்றன. 2000 ஜனவரி 1 என்பது உள்ளே 11689. மாற்றக் குறியீடு இல்லாத பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணை எக்செலில் தேதி வடிவத்துக்கு மாற்றினால் 1932 ஜனவரி 1 என்று வந்து நிற்கும். முற்றிலும் பொருந்தாத தேதியாக இருந்தால் உடனே கண்ணில் படும். ஒரு பழைய பிறந்தநாளைப் போலத் தோன்றும் தேதி எளிதில் தப்பிவிடும். பணத்திலும் இதே கதைதான்: 12.50 என்பது உள்ளே 1250. இவற்றோடு, எண் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ எழுத்தைத் தட்டிவைத்திருந்தாலும் தரவுத்தளம் பொதுவாகத் தடுத்திருக்காது. யூனிவர்ஸில் இத்தகைய முரண்களைத் தேடிச் சரிசெய்ய எச்எஸ்.ஸ்க்ரப் என்ற பயன்பாடு தரப்பட்டிருப்பதே இது எவ்வளவு பரவலான தொல்லை என்பதைச் சொல்லும்.

தரவுத்தளத்தின் சொந்த வினவல் மொழியிலேயே அறிக்கை எடுப்பது இதற்கு நேர் எதிரான வழி. லிஸ்ட் (பட்டியலிடு), சோர்ட் (வரிசைப்படுத்து), பிரேக்.ஆன் (பிரிவுதோறும் நிறுத்து), டோட்டல் (கூட்டு) ஆகிய சொற்கள் பல்மதிப்புகளை அறிந்தே உருவானவை. மேலே சொன்ன ஆணையில் பொருள்களும் தவணைகளும் தத்தம் பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகும், கூட்டுத்தொகைகள் இரண்டும் 1000 என்றே வரும். ஆனால் வரைபடம் கிடையாது. கணக்குப் பிரிவில் இருப்பவர் அந்த மொழியைக் கற்றுக்கொள்ளவும் மாட்டார். அகராதியை நேரடியாகப் படிக்கத் தெரிந்த இன்ஃபார்மர் போன்ற கருவிகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. நிறுவனம் முழுவதும் ஏற்கெனவே பவர் பிஐக்குப் பழகியிருந்தால், இன்னொரு கருவியை ஏற்கவைப்பது தனிப் போராட்டம்.

ரெஸ்ட் என்ற இணையச் சேவை வழியாக, பட்டியலுக்குள் பட்டியலை வைக்கக்கூடிய ஜேசன் வடிவில் தரவைத் தரும் முறை பதிவின் வடிவத்தைச் சிதைக்காமல் கொண்டுவந்து சேர்க்கும். எனினும் பவர் பிஐயில் தரவைச் சீராக்கும் பவர் குவெரியில் இரண்டு பட்டியல்களையும் அடுத்தடுத்து வரிசைகளாக விரித்தால் அதே ஆறு வரிசைகள்தான். சிக்கல் தீரவில்லை, இடம் மட்டும் மாறியிருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் அல்லது எஸ்கியூஎல் சர்வர் போன்ற, அட்டவணை வடிவத் தரவுத்தளத்துக்கு இரவுதோறும் நகலெடுப்பது உழைப்பு மிகுந்த வழி. பலர் பலவிதமாகத் தரவை அலசும் இடங்களில் என் தேர்வு இதுவே. பிரிக்கும் வேலையை ஒருமுறை, விவரம் தெரிந்த ஒருவர் செய்துவிடுகிறார். இயங்கிக்கொண்டிருக்கும் கோப்பை இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) இல்லாத வடிகட்டல்கள் பகல் முழுவதும் தலை முதல் கால் வரை படிப்பதும் நிற்கிறது. மூன்றில் கவனம் வேண்டும். ஆணை எண்ணோடு மதிப்பின் வரிசை எண்ணையும் சாவியில் (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவது) சேர்க்கவேண்டும். மூன்றாவது பொருளுக்கு உரியது மூன்றாவது அளவு என்பதை இடம் மட்டுமே சொல்கிறது என்பதால், நடுவில் உள்ள வெற்று மதிப்பையும் விட்டுவிடக் கூடாது. கடைசியாக மாறிய தேதியை வைத்து மட்டும் நகலெடுத்தால் நீக்கப்பட்ட பதிவுகள் நகலில் தங்கிவிடும். அதற்கு டிரிகர் (பதிவு மாறும்போது தானாக ஓடும் நிரல்) வேண்டும், அல்லது அவ்வப்போது முழுக் கோப்பையும் மறுபடி ஏற்றவேண்டும். ஐ-வகைப் புலங்களின் (அகராதியில் உள்ள சூத்திரத்தால் கணக்கிடப்படுபவை) கணக்கை மூலத்திலேயே போட்டு விடையை அனுப்புவது நல்லது. அதே விதியை எஸ்கியூஎல்லில் மறுபடி எழுதினால் சில மாதங்களில் இரண்டும் வெவ்வேறு விடை சொல்லத் தொடங்கும். நேற்றிரவுவரைக்குமான தரவு போதாது என்பவருக்கு இந்த வழி உதவாது.

அறிக்கைகள் பத்துக்குள் அடங்கி, மாதந்தோறும் மாறாமல் வருபவை என்றால் சொந்த மொழியிலேயே எடுத்து சிஎஸ்வியாக அனுப்பிவிடலாம். அறிக்கைக்கென்றே தனிப் பெயர்களை அகராதியில் உருவாக்கி, அவற்றை மட்டும் இயக்கிக்குக் காட்டும் பொறுமை உள்ளவருக்கு ஓடிபிசியும் தாங்கும். எந்த வழியானாலும், முதல் அறிக்கையைக் கையளிக்கும்முன் ஒரு மாதத்தின் கூட்டுத்தொகையை லிஸ்ட்டும் டோட்டலும் கொண்டு எடுத்து ஒப்பிடுங்கள். நூறு மடங்கு வேறுபட்டால் மாற்றக் குறியீட்டைப் பாருங்கள். சில மடங்கு உயர்ந்திருந்தால் அட்டவணை இணைப்பை. கொஞ்சமே குறைந்திருந்தால், எண் புலத்தில் எழுத்து இருக்கும் பதிவுகளை.