ஓஸெட் முக்கோணம்: அடைமழைக் கரையில் கூடாரம் போடுவோருக்கு ஒரு மதிப்பீடு

வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் காட்டுக் கடற்கரையில் முதன்முறையாகக் கூடாரம் போட நினைப்பவர்கள் ஓஸெட்டில் தொடங்குவதே நல்லது. ஓஸெட் ஏரிக்கரையிலிருந்து இரண்டு காட்டுப்பாதைகள் கிளம்புகின்றன. ஒன்று அலாவா முனைக்கும் மற்றது சாண்ட் பாயின்ட்டுக்கும் போகிறது. இரண்டுமே சுமார் மூன்று மைல். இரு முனைகளுக்கும் நடுவே கடலோரமாக இன்னொரு மூன்று மைல். முழுச் சுற்றும் 9.4 மைல், அதாவது 15 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் கிடையாது. ஓர் இரவு தங்கித் திரும்பக் கச்சிதமான அளவு. ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுக்கலாம். அந்த ஒரு மதிப்பெண் எங்கே குறைகிறது என்பதைப் போகப் போகச் சொல்கிறோம்.

திட்டமிட உட்கார்ந்ததும் பலரும் வானிலை முன்னறிவிப்பைத்தான் திறக்கிறார்கள். இந்தக் கரையில் முதலில் பார்க்க வேண்டியது, கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் பகுதி இது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மழை குறைவு, ஆனாலும் பனிமூட்டம் மரங்களில் படிந்து சொட்டிக்கொண்டே இருக்கும். நனைவது உறுதி என்பதால் அதற்கு ஆயத்தமாகிவிடலாம். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பாறை முனைக்கு அடியில் மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து.

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் தளத்தில், இதே கரையிலுள்ள லா புஷ் நிலையத்தின் அட்டவணையை எடுங்கள். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இரண்டு வற்றங்களும் ஒரே ஆழத்துக்கு இறங்குவதில்லை. கோடையில் ஆழமான வற்றம் பெரும்பாலும் காலையில் வரும். ஒவ்வொரு நாளும் அது ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அட்டவணையில் உள்ள நேரம் கோடைக்கால நேரமா, வழக்கமான நேரமா என்பதைக் கட்டாயம் பாருங்கள். சில அச்சுப் பிரதிகளில் வழக்கமான நேரமே இருக்கும். கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு மணி நேரப் பிசகு போதும், திரும்பும் வழி தண்ணீருக்குள் போய்விடும்.

இதை வைத்துத்தான் எந்தத் திசையில் சுற்றுவது என்று முடிவாகிறது. கோடையில் எங்கள் பரிந்துரை: முதல் நாள் காட்டுவழியே சாண்ட் பாயின்ட்டுக்குப் போய்த் தங்குங்கள். மறுநாள் காலை வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்பி, கடலோரமாக வடக்கே அலாவா முனைக்கு நடந்து, அங்கிருந்து காட்டுவழியே வெளியே வாருங்கள். கடலோர மூன்று மைலுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பாசி படிந்த உருண்டைக் கற்களும் கடற்பாசிக் குவியலும் மணிக்கு ஒரு மைலுக்கு மேல் நடக்க விடா. மழையோடு வரும் பலத்த காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ அடிப்பதால், வடக்கு நோக்கி நடக்கையில் அது முதுகில்தான் படும். நேரம் தவறிப்போனால் முனைகளைத் தாண்ட மேலே காட்டுவழி உண்டு. சிவப்பும் கறுப்புமான வட்டப் பலகை மரத்தில் தொங்கும் இடத்தில் ஏற வேண்டும். அந்த வழிகள் செங்குத்து, சேறும் சகதியும். மூட்டுவலி உள்ளவர்கள் அவற்றை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இரவு தங்குவதற்கான பெர்மிட் விஷயத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் முன்பதிவு. கோடைக்கான இடங்கள் வழக்கமாக ஏப்ரல் நடுவில் திறக்கும். ஓஸெட்டில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால் வார இறுதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே திறப்பதற்கு முன்பே ஓத அட்டவணையைப் பார்த்து, பகல் வற்றம் பொருந்தும் இரண்டு மூன்று தேதிகளைக் குறித்து வைத்திருங்கள். தேதியை வாங்கிவிட்டு ஓதத்தைப் பார்ப்பது தலைகீழ் வேலை. பெர்மிட்டை வீட்டிலேயே அச்செடுத்துவிடுங்கள். ஏரிக்கரையில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது.

உணவுக்குக் கெட்டியான கரடிப் பெட்டி, அதாவது விலங்குகளால் திறக்க முடியாத பெட்டி, கட்டாயம். கரடியைவிட ரக்கூன்களால்தான் இங்கே தொல்லை. கிளையில் கட்டித் தொங்கவிட்ட பையை அவை சுலபமாக அவிழ்த்துவிடும். பரவலாகக் கிடைக்கும் பெரிய பெட்டி சுமார் 11.5 லிட்டர் கொள்ளும். இரண்டு பேருக்கு இரண்டு நாள் உணவு, பற்பசை, சோப்பு, குப்பை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அட்டைப் பெட்டிகளைக் கழித்து உணவைப் பைகளுக்கு மாற்றினால் இடம் மிச்சம். இரவில் பெட்டியைக் கூடாரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி, சரிவில்லாத தரையில், ஓதக் கோட்டுக்கு மேலே வையுங்கள்.

காட்டுப்பாதையின் பெரும்பகுதி மரப்பலகை நடைமேடை. ஈரத்தில் எண்ணெய் தடவியது போல் வழுக்கும், பழைய பலகைகள் இன்னும் மோசம். கெட்டியான மலையேற்றக் காலணியின் அடிப்பகுதி இங்கே பிடிப்பதில்லை. மெத்தென்ற ரப்பர் அடி கொண்ட காலணியே மேல். ஊன்றுகோல் பலகை இடுக்கில் சிக்கி முறியும். மேடை முடியும் வரை அதைப் பையிலேயே வைத்திருங்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை சாண்ட் பாயின்ட்டுக்கே எங்கள் ஓட்டு. ஸ்ப்ரூஸ் மரங்களின் மறைவில் இடங்கள் இருப்பதால் காற்று நேரடியாக அறைவதில்லை. அலாவா முனையில் திறந்த புல்வெளி அதிகம். காட்சி அருமை, காற்றும் அதே அளவுக்கு. எங்கே போட்டாலும் தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கரை ஒதுங்கிய பெரிய மரக்கட்டைகள் கிடக்கும் வரிசைக்குக் கடல் வந்திருக்கிறது, இனியும் வரும். கூடாரம் அதற்கு மேலேதான்.

வெளித்துணியை முதலில் விரித்துவிட்டு உள்கூட்டை அதன் அடியில் மாட்டும் வகைக் கூடாரம் இங்கே மிகவும் உதவும். அடியில் விரிக்கும் தரைத்துணி கூடார விளிம்பைவிட ஒரு விரற்கடையாவது உள்ளே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி உங்கள் அடியிலேயே தேக்கும். சில்நைலான் (சிலிக்கோன் பூசிய நைலான்) துணி ஈரத்தில் தளரும், ஆகவே தூங்கப்போகும் முன் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்டுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை மூடினால், காலையில் சொட்டுவது மழை அல்ல, உங்கள் மூச்சுதான். மணலில் சாதாரண ஆணி நிற்காது. ஒரு முழ நீளக் குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டி, ஓரடி ஆழத்தில் படுக்கையாகப் புதைத்து மிதித்துவிடுங்கள். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் டார்ப் (நீர் புகாத மேல்விரிப்பு) ஒன்றைத் தனியே கொண்டுபோவது எடைக்குத் தகும். காற்று வரும் பக்கத்தைத் தரையோடு தாழ்த்திக் கட்டினால் அதன் கீழ் சமைக்கலாம், ஈர உடையைக் கழற்றலாம். இறகு திணித்த தூக்கப்பையைவிடச் செயற்கை இழைப் பையே இந்த ஈரத்துக்கு ஏற்றது.

ஓடைநீர் தேயிலைச் சாயம் போலிருக்கும். மட்கும் இலைகளிலிருந்து இறங்கும் டானின் அது. வடிகட்டினாலும் நிறம் போகாது, கெடுதலும் இல்லை. கிருமிகளுக்காக வடிகட்டியே ஆக வேண்டும், அல்லது ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அயோடின் மாத்திரை கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் கிருமியைக் கொல்வதில்லை. ஓடை கடலில் சேரும் இடத்தில் உப்புக் கரிக்கும், சற்று மேலே போய் மொண்டுகொள்ளுங்கள்.

மதிப்பெண் குறைவது தீ விஷயத்தில். கடலோரத்தில் வெட்டிங் ராக்ஸ் பாறை முனை முதல் யெல்லோ பேங்க்ஸ் வரை தீ மூட்டத் தடை. சாண்ட் பாயின்ட் அதற்குள் அடக்கம். தடை நியாயமானது, ஆனால் நாள் முழுக்க நனைந்த பிறகு குளிர் காய வழியில்லை. எரிவாயு அடுப்பும், நீர் புகாத பையில் கட்டிய ஒரு செட் உலர்ந்த உடையும் இல்லாமல் போகாதீர்கள். தீ வேண்டும் என்பவர்கள் அலாவா முனையில் தங்கிக்கொள்ளலாம். நாய்க்கும் இங்கே அனுமதியில்லை.

வெட்டிங் ராக்ஸ் பாறைகளில் இப்பகுதியின் பூர்வகுடிகளான மக்கா மக்களின் முன்னோர் செதுக்கிய திமிங்கலங்களும் முகங்களும் உள்ளன. காலை வற்றத்தில் வடக்கே நடக்கும்போது அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம். தொடவோ தேய்த்துப் படியெடுக்கவோ கூடாது. ஓஸெட்டில் மண்சரிவில் புதைந்த மக்கா கிராமத்தை 1970 முதல் 1981 வரை அகழ்ந்தார்கள். அங்கே கிடைத்த பொருட்கள் நியா பேயில் உள்ள மக்கா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திரும்பும் நாளில் மதியத்துக்குள் காருக்கு வந்துவிட்டால், அது மூடும் முன் போய்ச் சேரலாம்.