லெனேசியா ஒர்க்ஷாப்: குளிர்காலக் காலையில் மக்கர் செய்த காரைச் சரியாக்கிய இடம்

ஜோஹன்னஸ்பர்க்கில் குளிர்காலமான ஜூன், ஜூலை மாதம் காரை வெட்டவெளியில் நிறுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். பகலில் வெயில் நன்றாக அடிக்கும், ஆனால் விடியற்காலையில் கார்க் கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கும். அந்த நேரத்தில் செல்ஃப் அடித்தால் என் கார் இழுத்து இழுத்துச் சுற்றும். சில நாள் பிடித்துக்கொள்ளும், சில நாள் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. அதே கார் மத்தியானம் சாவியைத் திருப்பின உடனே ஸ்டார்ட் ஆகிவிடும்.

மிட்ராண்டில் வீட்டுப் பக்கம் காட்டினபோது பேட்டரி போய்விட்டது என்றார்கள். புது பேட்டரி போட்டதும் கொஞ்ச நாள் தேவலையாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். அடுத்ததாக ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்லி 4,500 ராண்டுக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். மீட்டர் எதையும் வைத்துப் பார்க்காமலே கொடுத்த எஸ்டிமேட் அது. எனக்கு மனசு ஒப்பவில்லை. மெல்ரோஸ் முருகன் கோவிலில் பழக்கமான ஒரு அக்கா, லெனேசியாவில் ஆங்கர்வில் தொழிற்பேட்டையில் இருக்கிற இந்தச் சின்ன ஒர்க்ஷாப்பைச் சொன்னார்.

இரண்டு லிஃப்ட், ஒரு நீளமான மேசை, சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள், அவ்வளவுதான் இடம். முதலாளி அறுபதைத் தொட்டவர். கரும்புத் தோட்ட வேலைக்கு நட்டாலுக்கு வந்த தமிழ்க் குடும்பம். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், நடுநடுவே "தம்பி" என்று கூப்பிடுவார். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். மெதுவாகச் சுற்றுகிறதா, இல்லை வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? வேகமாகச் சுற்றினால் பெட்ரோல், பிளக், சென்சார் பக்கம் பார்க்கவேண்டும், மெதுவாகச் சுற்றினால் கரண்ட் பக்கம் என்றார். கார் எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் கேட்டார். கடலோர டர்பனில் ஓடின செகண்ட் ஹேண்ட் கார் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். "ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போ தம்பி. சூடா இருக்கிற எஞ்சின்ல ஒண்ணும் தெரியாது" என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

எனக்கு இந்த இடத்தின் மேல் மரியாதை வந்தது அங்கேதான். காலையில் வருகிற கோளாறைக் காலையில்தானே பார்க்கவேண்டும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே நிறுத்திவிட்டு வந்தேன். மறுநாள் விடிந்ததும் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

முதலில் பேட்டரி: 12.6 வோல்ட், முழு சார்ஜ். கார் சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் உறிஞ்சுகிறது என்று பார்த்தார்: 30 மில்லி ஆம்பியர். 50-க்குள் இருந்தால் கவலையில்லை. அப்புறம் பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் பிடிக்காமல் வெறுமனே சுற்றும்படி செல்ஃப் அடிக்கச் சொன்னார். பேட்டரி 10.8-க்குக் கீழே இறங்கவில்லை. 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகப்படவேண்டுமாம். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து மறுபடி சுற்றச் சொன்னார். 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் மீட்டர் 1.3 காட்டியது. ஸ்டார்ட்டருக்குப் போகவேண்டிய மின்சாரம் திரும்பி வரும் வழியில் அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

பேட்டரித் தட்டைக் கழற்றிவிட்டு, அடியில் இருந்த எர்த் ஸ்ட்ராப்பை (பேட்டரி நெகட்டிவுக்கு மின்சாரம் திரும்பி வருகிற பின்னல் கம்பிப் பட்டை) எடுத்து என் கையில் கொடுத்தார். மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. போல்ட் அழுத்தியிருந்த வளையத்தைத் திருப்பினால் பச்சைப் பொடி பூத்திருந்தது, பின்னலில் பாதிக் கம்பிகள் இற்றுப்போய் விரல் பட்டதும் உதிர்ந்தன. டர்பன் உப்புக்காற்றின் வேலை. அந்த ஊர் வெப்பத்தில் இது தெரிந்திருக்காது. இங்கே குளிரில் ஆயில் கெட்டியாகி எஞ்சினைச் சுற்ற அதிக கரண்ட் வேண்டியிருக்கிறது. பேட்டரியும் 0 டிகிரியில் தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கொடுக்கும். அதோடு இந்த இற்றுப்போன இணைப்பும் சேர்ந்தால் எப்படிப் பிடிக்கும்?

புது ஸ்ட்ராப் போடுவதற்கு முன்னால் உட்காரும் இரண்டு இடத்தையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார், போல்ட்டை இறுக்கின பிறகு மேலே வேஸ்லைன் தடவினார். மறுபடி மீட்டர் வைத்தபோது 0.1. ஃப்யூஸைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன், ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. ஓடும்போது சார்ஜிங் 14.2 வோல்ட், அதுவும் சரி. டிப்ஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்து, எஞ்சினில் யாரோ 20டபிள்யூ-50 என்கிற கெட்டியான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், மேனுவலில் சொன்னபடி இளக்கமான 5டபிள்யூ-30 போட்டால் குளிரில் இன்னும் லேசாகச் சுற்றும் என்றார். அதை அங்கேயே மாற்றச் சொல்லி வற்புறுத்தவில்லை, அடுத்த சர்வீஸில் போட்டுக்கொள்ளலாம் என்றார். பிளக்கையும் கழற்றிக் காட்டி, நன்றாக இருக்கிறது, மாற்றவேண்டாம் என்றார்.

கண்டுபிடித்ததற்கு 500 ராண்ட், ஸ்ட்ராப்பும் கூலியும் சேர்த்து 350. பில்லைக் கையால் எழுதினாலும் மீட்டர் காட்டின எண்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. இப்படி ஒரு பில் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

குறை என்றால், போனை எடுக்கவே மாட்டார்கள், வாட்ஸ்அப்பில்தான் பிடிக்கவேண்டும். உட்கார நல்ல இடம் கிடையாது. சனிக்கிழமை ஒரு மணிக்கெல்லாம் கதவை இறக்கிவிடுவார்கள். மிட்ராண்ட், சாண்ட்டன் பக்கம் இருப்பவர்களுக்குத் தூரம் அதிகம். இரவு காரை விட்டால் திரும்பிப்போக ஆளோ டாக்ஸியோ பார்த்துவைக்கவேண்டும். அவசரத்துக்கு உதவுகிற இடம் இல்லை, குளிர்காலத்தில் ஒரு வாரமாவது காத்திருக்கவேண்டும்.

நான் நின்றிருந்தபோது ஒரு டீசல் பக்கியில் (பிக்அப் வண்டி) குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குச் சூடேற்றும் குளோ பிளக்குகளை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்து, செத்துப்போன ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். ஆக டீசல் வண்டிக்காரர்களும் நம்பிப் போகலாம். வாட்ஸ்அப்பில் இடம் கேட்கும்போதே "காலையில் மட்டும்தான் மக்கர் செய்கிறது" என்று சொல்லிவிடுங்கள். முந்தின நாள் சாயங்காலமே காரை விடச் சொல்வார்கள்.