வார்டில் இரண்டு லெட்சுமிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பட்டணத்து அரசு மருத்துவமனையில் அம்மாவைச் சேர்த்திருந்தோம். நெஞ்சுச் சளி. டாக்டர், கட்டில், சாப்பாடு எதிலும் குறையில்லை. ஆனால் அந்த ஒரு காலையை நினைத்தால் இன்னும் படபடக்கிறது.

மருந்து வண்டியோடு வந்த மிஸ்ஸி (நர்ஸை இங்கே அப்படித்தான் சொல்வோம்) "லெட்சுமி?" என்றார். அம்மா "ஆமாம்மா" என்று கையை நீட்டிவிட்டார். உறையைப் பார்த்தேன், கிளிக்லசைடு, சர்க்கரை நோய் மாத்திரை. அம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாது! ஜன்னலோரக் கட்டிலில் இன்னொரு லெட்சுமி. மாத்திரை அவருக்கு உரியது. சரியாகச் சாப்பிடாத வயதானவர் அதை விழுங்கினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நான் தடுத்ததற்கு அம்மா என்னைத்தான் கடிந்துகொண்டார்: "மிஸ்ஸிக்குத் தெரியாதா? கேள்வி கேட்டா மரியாதையா இருக்குமா?"

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவ உதவியாளரான டிரெசர் ஐயா ஊற்றிக் கொடுத்ததை என்ன ஏது என்று கேட்காமல் குடித்த தலைமுறை. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடமும் வேலை வாங்கும் தண்டலிடமும் வாய் திறக்கப் பயந்தவர்கள். அதே டிரெசர்தான் நடு ராத்திரியில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்து ஊசி போட்டவர். அந்த நன்றியும் சேர்ந்து வாயைக் கட்டிவிடுகிறது.

நான் இருக்கும் லண்டனில் ரத்தம் எடுக்கப் போனால்கூடப் பெயரையும் பிறந்த தேதியையும் நம்மையே சொல்லச் சொல்வார்கள். "நீங்கள் இன்னாரா?" என்று கேட்டால், காது மந்தமானவரும் காய்ச்சலில் கிடப்பவரும் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார்கள். மலேசியாவிலும் யாருக்கும் இது தெரியாமல் இல்லை. இங்கே நோயாளர் பாதுகாப்பு மன்றம் 2003-லேயே வந்துவிட்டது. 2023-ல் செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் எடுத்த கருப்பொருளே நோயாளியையும் இதில் ஈடுபடுத்துவதுதான். "தயங்காமல் கேளுங்கள்" என்று வார்டுச் சுவரிலும் ஒட்டியிருந்தார்கள், மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழ்ப்பள்ளியைப் பாதியில் விட்டுப் பால்மரம் வெட்டப் போனவருக்கு அதை யார் படித்துச் சொல்வது?

அப்புறம் சாயங்காலம் ஓர் இளம் மலாய்க்கார மிஸ்ஸி வந்தார். கட்டிலருகே குனிந்து, "பாட்டி, பேர் சொல்லு" என்று தமிழிலேயே கேட்டார். அம்மா தன் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார். மிஸ்ஸி அதை மணிக்கட்டுப் பட்டையோடு ஒத்துப் பார்த்தார். மாத்திரை எதற்கு என்று மலாயில் விளக்கி, வேறு நிறத்தில் வந்தால் உடனே கேட்கச் சொன்னார். லண்டனில்கூட எனக்கு யாரும் இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

மறுநாள் காலை பழைய மிஸ்ஸியே வந்து "லெட்சுமி?" என்றார்.

"எந்த லெட்சுமி?" என்றார் அம்மா. மிஸ்ஸி பட்டையைப் பார்த்த பிறகுதான் கையை நீட்டினார்.