பழைய பாணித் தோல் ஜாக்கெட்டோடு ஆறு ஆண்டுகள்

இடது முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சாம்பல் பூத்ததுபோல் தேய்ந்திருக்கிறது. கறுப்பு ஜாக்கெட்டில் அந்த ஓர் இடம் எட்ட நின்று பார்த்தாலும் தெரியும். அதற்கு நேர் உள்ளே இருந்த என் முழங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆறு ஆண்டுகளாக இதை அணிந்துதான் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். நான்காம் ஆண்டில் ஒருமுறை சறுக்கி விழுந்தேன். பார்ப்பதற்குப் பழைய காலத்து ஜாக்கெட்டாக இருக்க வேண்டும், விழுந்தால் காப்பாற்றவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தப் பாணியின் மேல் எனக்கு உண்மையான பிரியம் உண்டு. அது அலங்காரமாகப் பிறந்ததல்ல என்று தெரிந்தபோது பிரியம் இன்னும் கூடியது. 1928இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் ‘பெர்ஃபெக்டோ’ ஜாக்கெட்டை உருவாக்கியபோது பட்டன்களை விட்டுவிட்டு ஜிப் வைத்தார். இந்த வகை ஜாக்கெட்டில் குறுக்காக ஓடும் ஜிப், முன்னால் குனிந்து அமரும்போது வயிற்றில் மடிந்து குத்தாது. அதன் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் தோல் காற்றைத் தடுக்கும். இடுப்பு குட்டையாக இருப்பது உட்காரும்போது துணி தொடையில் சேராமல் இருப்பதற்காக. பின்னர் இங்கிலாந்தில் சாதாரண வண்டியைப் பந்தய வண்டிபோல் மாற்றி ஓட்டிய ‘கஃபே ரேசர்’ ஓட்டுநர்கள் விரும்பிய எளிய ஜாக்கெட்டில் காலர்கூட நின்ற நிலையில் குட்டையாகிவிட்டது. வேகத்தில் படபடக்க எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காலத்து ஜாக்கெட் எதிலும் இன்று நாம் ஆர்மர் என்று சொல்லும் அதிர்ச்சி தாங்கும் பொருள் கிடையாது. தோல் உராய்வைத் தாங்கும். எலும்பில் விழும் இடியைத் தாங்காது. இன்று அதே வடிவத்தில் விற்கப்படுபவற்றில் பாதுகாப்புக்காகத் தைத்தவையும் உண்டு, தெருவில் நடப்பதற்காகத் தைத்தவையும் உண்டு. தொங்கவிட்டுப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

அந்த வேறுபாடு தெரியாமல்தான் என் முதல் ஜாக்கெட்டை வாங்கினேன். கையில் எடுத்தால் வெண்ணெய்போல் மென்மை. ஓராண்டுக்குள், விழாமலேயே, பின்னால் கையை நீட்டிப் பையை எடுத்தபோது தோள்தையல் விட்டுப்போனது. பிரித்துப் பார்த்தேன்: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான செம்மறியாட்டுத் தோல், ஒரே வரித் தையல், பருத்தி நூல். தார்ச்சாலையில் உராய்ந்தால் அந்த நூல் என்ன ஆகும் என்று யோசித்தபோது வயிறு கலங்கியது. அதை வண்டி ஓட்ட அணிவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டாவதைத் தேடும்போது முதலில் பார்த்தது உள்ளே தைத்திருக்கும் சீட்டை. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 17092, 2020இல் வெளியானது. அதில் ஏ.ஏ.ஏ., ஏ.ஏ., ஏ, பி, சி என்று ஐந்து வகுப்புகள். ஜாக்கெட்டின் துண்டுகளைச் சுழற்றி, சுழலும் வேகத்திலேயே கான்கிரீட் தரையில் இறக்கி, ஓட்டை விழுகிறதா என்று சோதிக்கிறார்கள். தோள், முழங்கை போன்ற முதன்மைப் பகுதிகளுக்கான சோதனை வேகம் ஏ.ஏ.ஏ. வகுப்பில் மணிக்கு 120 கிலோமீட்டர், ஏ.ஏ. வகுப்பில் 70, ஏ வகுப்பில் 45. அந்த வேகத்தில் விழுந்தால் காயமே வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. துணியையும் தோலையும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல், அவ்வளவுதான். பி வகுப்பு என்றால் ஏ வகுப்பின் உராய்வுத் தாங்குதிறன் உண்டு, ஆர்மர் இல்லை. சி என்றால் நேர்மாறு: ஆர்மரைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போன்றது, உராய்வுக்கு எந்த உறுதியும் இல்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘சி.இ. சான்று பெற்ற ஆர்மர்’ என்று ஐரோப்பியச் சான்றின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தச் சான்று உள்ளே செருகியிருக்கும் ஆர்மருக்கு மட்டும். சுற்றியிருக்கும் ஜாக்கெட்டுக்கு எதுவுமே இருக்காது. பழைய பாணி ஜாக்கெட்டுகளில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஜாக்கெட்டின் சீட்டிலேயே வகுப்பின் எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். நான் எடுத்தது ஏ.ஏ. வகுப்பு: சுமார் 1.2 மில்லிமீட்டர் மாட்டுத்தோல், முதன்மைத் தையல்கள் எல்லாம் இரண்டு வரி, அதில் ஒரு வரி மடிப்புக்குள் மறைந்திருக்கும். மறைந்த தையல் எவ்வளவு முக்கியம் என்று விழுந்த நாளில் புரிந்தது.

வேண்டாம் என்று ஒதுக்கியவற்றையும் சொல்ல வேண்டும். தோளிலும் முழங்கையிலும் வரிவரியாகப் பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட்டுகள் கண்ணைப் பறிக்கும். அந்தப் பஞ்சு இடியைத் தாங்காது; தைத்த வரிகளோ தரையில் முதலில் தேயும் இடத்திலேயே வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். கையில் ஓடும் அலங்காரப் பட்டைகளுக்கும் இதே கதை. இடுப்பில் உலோகக் கொக்கியோடு வரும் பெல்ட் பெட்ரோல் டேங்கைக் கீறுவதோடு, விழும்போது இடுப்பெலும்புக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பழமை தெரிவதற்காக முழங்கையை ஆலையிலேயே சுரண்டித் தேய்த்த தோலும் வேண்டாம். கனம் வேண்டிய இடத்தில் கனத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். எண்ணெயும் மெழுகும் ஏற்றியதால் மடிப்பில் நிறம் மாறும் தோல் வேறு, அது நல்லதுதான்.

ஆர்மர் பற்றி. தோளுக்கும் முழங்கைக்கும் ஈ.என். 1621-1 என்ற தரநிலை. ஐம்பது ஜூல் ஆற்றலோடு, அதாவது ஐந்து கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டதுபோல், இடித்துப் பார்க்கிறார்கள். மறுபக்கம் கடந்து வரும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனைத் தாண்டாவிட்டால் முதல் நிலை, 20ஐத் தாண்டாவிட்டால் இரண்டாம் நிலை. என் ஜாக்கெட்டோடு வந்தது முதல் நிலை. தடிமனான நுரை, தோள்பட்டை தூக்கி நின்று பழைய பாணியின் ஒல்லியான கோட்டையே கெடுத்தது. மூன்று மாதத்தில் மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது மெல்லிய, துளையிட்ட, உடல் சூட்டில் இளகி உடம்போடு படியும் வகை, இரண்டாம் நிலை. குளிர்ந்த அதிகாலையில் எடுத்தால் பலகைபோல் விறைத்திருக்கும், அணிந்த பத்து நிமிடத்தில் வளைந்துகொடுக்கும். அழகுக்காகப் பாதுகாப்பைக் குறைக்க வேண்டிய இடம் இதுவல்ல; நல்ல ஆர்மர் அழகையும் மீட்டுத் தந்தது.

முதுகுதான் பலர் மறந்துவிடும் இடம். ஏ.ஏ. வகுப்புக்குத் தோளிலும் முழங்கையிலும் ஆர்மர் கட்டாயம், முதுகில் கட்டாயமில்லை. என் ஜாக்கெட்டின் முதுகுப் பையில் ஒரு மெல்லிய ஸ்பாஞ்சு இருந்தது, எந்தச் சான்றும் இல்லாதது. அதை எடுத்துவிட்டு, முதுகு ஆர்மருக்கான தரநிலையான ஈ.என். 1621-2 முத்திரையுள்ளதை வைத்தேன். இதில் முதல் நிலைக்கு 18 கிலோநியூட்டன், இரண்டாம் நிலைக்கு 9.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எவ்வளவு நல்ல ஆர்மராக இருந்தாலும், விழும் கணத்தில் அது முழங்கையின் மேல் இல்லாவிட்டால் பயனில்லை. பழைய பாணி ஜாக்கெட்டின் கை நேராக வெட்டப்பட்டிருக்கும். பந்தய ஜாக்கெட்டுகள்போல் முன்கூட்டியே வளைத்துத் தைத்திருக்க மாட்டார்கள். நின்றுகொண்டு கண்ணாடியில் பார்த்தால் சரியாகத் தெரியும். கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்ததும் ஜாக்கெட்டின் கை மேலே இழுபடும், ஆர்மரும் சேர்ந்து ஏறிவிடும். ஆகவே கடையில் நின்று பார்க்காதீர்கள். ஜிப்பை முழுவதும் போட்டு, நாற்காலியிலாவது உட்கார்ந்து, உங்கள் வண்டியில் கை எப்படி நீளுமோ அப்படி நீட்டுங்கள். கூட வந்தவரை முழங்கை ஆர்மரை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றச் சொல்லுங்கள். அது பக்கவாட்டில் நழுவினால் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

நல்ல மாட்டுத்தோல் முதல் சில மாதங்களில் அகலவாக்கில் இளகும், நீளவாக்கில் இளகாது. எனவே புதிதில் இறுக்கமாக, மூச்சை முட்டாத அளவுக்கு இறுக்கமாக இருப்பதே சரி. குளிர்காலத்தில் உள்ளே கம்பளி போடலாம் என்று ஓர் அளவு பெரிதாக வாங்குகிறவர்கள் ஆர்மரை அலையவிடுகிறார்கள். பின்தோளில் விரிந்து சுருங்கும் மடிப்பு இருந்தால் கை நீட்டும்போது பிடிக்காது. மணிக்கட்டில் ஜிப் வேண்டும். சறுக்கும்போது கை மேலே சுருண்டு ஏறாமல் அதுதான் பிடிக்கும். என் ஜாக்கெட்டில் முழங்கை ஆர்மரை ஒட்டுப்பட்டை மூலம் இரண்டு அங்குலம் ஏற்றி இறக்கலாம். வாங்கி ஒரு வாரம் கழித்துத்தான் அதைக் கண்டேன். இறக்கி வைத்தேன். அந்த இரண்டு அங்குலத்துக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

விழுந்தது ஒரு காலை நேரம். வளைவில் சிதறிக் கிடந்த ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கியது. வேகம் நாற்பதைச் சுற்றி இருந்திருக்கும். இடது முழங்கை முதலில், பிறகு இடுப்பு, பிறகு முழங்கால். மூன்று வண்டி நீளத்துக்குச் சறுக்கினேன். முழங்கையில் மறுநாள் நீலம் பாரித்தது, தோல் போகவில்லை. ஜாக்கெட்டில் வெளித்தையல் நான்கு விரல் நீளத்துக்குத் தேய்ந்து போயிருந்தது. மறைவில் இருந்த இரண்டாம் வரி அப்படியே நின்றது. சாதாரண ஜீன்ஸ் கிழிந்து முழங்கால் உரிந்தது, அதற்கு ஜாக்கெட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்னொன்றுக்குச் சொல்லலாம்: குட்டையான இடுப்பு மேலே ஏறி, இடுப்புக்கு மேல் ஒரு சாண் இடம் தரையில் உராய்ந்தது. அந்தக் காயம் ஆற மூன்று வாரம் ஆயிற்று. ஜாக்கெட்டையும் பேண்டையும் இணைக்கும் ஜிப் உள்ளே முதல் நாளிலிருந்தே இருந்தது. இணைக்கப் பேண்ட் இல்லாமல் நான்கு ஆண்டு ஓட்டியது என் தவறு. இப்போது அதற்குப் பொருந்தும் பேண்ட் இருக்கிறது, இணைக்காமல் கிளம்புவதில்லை.

பாதுகாப்பு உடை என்ற பெயரே போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆஸ்திரேலியாவில் விபத்துக்குள்ளான 212 ஓட்டுநர்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு விபத்தில் தாக்குப்பிடிக்காமல் போனது தெரியவந்தது. அவை எல்லாம் ஓட்டுநர்களுக்கென்றே விற்கப்பட்டவை. அதே ஆய்வு, பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு குறைந்ததையும் கண்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விழுந்த பிறகு இடது முழங்கை, தோள் ஆர்மர்களை மாற்றினேன். ஒருமுறை பலமாக இடி வாங்கியதை மறுபடி நம்ப எனக்கு மனமில்லை. தையலைத் தோல்வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, பழைய ஓட்டைகளின் வழியாகவே நைலான் நூலால் தைக்கச் சொன்னேன். புதிதாக ஊசி போட்டால் தோல் அந்த வரியில் அஞ்சல்தலைபோல் கிழியும்.

அன்றாடப் பயன்பாட்டில் குறைகள் உண்டு. வெயிலில், வண்டிகள் ஊர்ந்து நகரும் நெரிசலில் இது வேதனை. பழைய பாணியில் காற்றுத் துளைகள் கிடையாது. ஓடும்போது கழுத்து ஜிப்பை நான்கு விரல் இறக்கினால் கொஞ்சம் ஆறுதல், நின்றால் அதுவும் இல்லை. முழுக்கத் திறந்து ஓட்டுவது ஜாக்கெட் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். மழை அரைமணி நேரத்தில் ஊடுருவிவிடும். நனைந்தால் அகலத் தோளுள்ள கொக்கியில், நிழலில், இரண்டு நாள் தொங்கவிடுகிறேன்; சூட்டில் காயவைத்தால் தோல் சுருங்கி விறைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் தோலை மென்மையாக வைக்கும் கண்டிஷனர், அதுவும் மெல்லிய பூச்சு. பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்த ஓர் ஆண்டு அக்குளில் பூஞ்சை பிடித்தது. பிறகு துணி உறைதான். ஐந்தாம் ஆண்டில் உள்துணி பையோரத்தில் கிழிந்தது. முன் ஜிப் இன்னும் முதல் நாள்போல் ஓடுகிறது. இரவில் கறுப்பு ஜாக்கெட் யார் கண்ணுக்கும் படாது என்பதால் மேலே ஒளிரும் மேலங்கி அணிகிறேன். பாணி கெடத்தான் செய்கிறது, கெடட்டும்.

போன வாரம் தம்பி வந்து, “அண்ணா, நீங்கள் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு இதை எனக்குக் கொடுங்களேன்” என்று கேட்டான். போட்டுப் பார்க்கச் சொன்னேன். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது, முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியில் உட்கார வைத்துக் கையை நீட்டச் சொன்னேன். அவன் கை என் கையைவிட நீளம். ஒட்டுப்பட்டையைக் கடைசிவரை இறக்கியும் ஆர்மர் முழங்கைக்கு மூன்று விரல் மேலேயே நின்றது. கழற்றி வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை அவனுக்கென்று ஒன்று பார்க்கப் போகிறோம். அளவுநாடாவை இப்போதே பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.