செகண்ட் ஹேண்ட் செயினில் தொங்கும் பாலம்: பிரிஸ்டல் கிளிஃப்டன் போய்வந்தோம்

பாலத்தைப் பார்க்க ஒரு பென்னி செலவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தாலும் சைக்கிளில் போனாலும் இலவசம். காருக்கு மட்டும் சுங்கம், நாங்கள் போனபோது ஒரு பவுண்டு. ஆனால் காரில் போய் என்னத்தைப் பார்ப்பது? பின்சீட்டில் இருப்பவர்கள் "எங்கே, எங்கே" என்று கேட்டு முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும்.

ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். கோவில்பட்டியில் முப்பது வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். லண்டனைச் சுற்றிக் காட்டியதில் மனிதர் பெரிதாக அசரவில்லை, எல்லாம் டிவியில் பார்த்ததுதானே என்றார். சரி, பிரிஸ்டலுக்குப் போவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெடிங்கில் ரயில் ஏறினோம். அந்த ரயில் பாதையைப் போட்டவர் இசம்பார்ட் கிங்டம் புரூனல். பிரிஸ்டலில் போய் இறங்குகிற டெம்பிள் மீட்ஸ் நிலையத்தின் பழைய கட்டடமும் அவருடையது, துறைமுகத்தில் நிற்கும் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்ற இரும்புக் கப்பலும் அவருடையது. இத்தனை செய்த ஆளின் தொங்குபாலம்தான் ஊருக்கே அடையாளமாகிவிட்டது. காபிக் கோப்பை, துணிப்பை, கடைப் பலகை, எதைத் திருப்பினாலும் இரண்டு கோபுரமும் நடுவில் தொங்கும் வளைவும் இருக்கும். 2003 நவம்பர் 26 அன்று கான்கார்டு விமானம் கடைசியாகப் பறந்தபோது இந்தப் பாலத்துக்கு மேலே போய்விட்டுத்தான் ஃபில்டனில் தரையிறங்கியது.

ஊருக்குள்ளிருந்து பஸ்ஸில் போய்விடுங்கள். நாங்கள் ஆர்வக்கோளாறில் துறைமுகப் பக்கமிருந்து நடந்தே ஏறினோம். கிளிஃப்டன் மேட்டில் இருக்கிறது, ஏறுவதற்குள் மாமாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது, என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பாலம் கண்ணில் படும் விதம் விசேஷமானது. வீடுகள், மரங்கள், ஒரு திருப்பம், திடீரென்று தரை முடிந்துவிடுகிறது. எதிரே பெரிய பள்ளத்தாக்கு. அதன் குறுக்கே இரு கோபுரங்களுக்கும் நடுவில் 214 மீட்டர் தூரத்துக்கு, அடியில் எந்தத் தூணும் இல்லாமல், ஒரு சாலை அந்தரத்தில் போகிறது. கீழே ஏவான் ஆறு, அலை ஏறி நீர் நிரம்பியிருக்கும் நேரத்திலேயே சுமார் 75 மீட்டர் கீழே. நாங்கள் போனபோது நீர் வடிந்திருந்தது. இந்த ஆற்றில் கடல் ஏற்றவற்றம் பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் போகும் என்பதால், வற்றிய நேரத்தில் பார்த்தால் ஆறு என்றே சொல்ல மாட்டீர்கள், இரண்டு பக்கமும் பளபளவென்று சாக்லேட் நிறச் சேறு, நடுவில் வாய்க்கால் மாதிரி கொஞ்சம் தண்ணீர். படத்துக்கு அழகாக வேண்டுமென்றால் ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். எனக்கென்னவோ சேறும் பிடித்திருந்தது, பள்ளத்தின் ஆழம் அப்போதுதான் உறைக்கிறது.

பாலத்தின் மேல் நடக்கும்போது காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும், மே மாதமானாலும் ஸ்வெட்டர் வேண்டும். வண்டி போகும்போது காலடியில் லேசாக ஒரு நடுக்கம். இரண்டு பக்கமும் கைப்பிடிக்கு மேல் உயரமாகக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், கம்பி விழாமல் படம் எடுப்பது கஷ்டம், போன் லென்ஸை இடுக்கில் வைத்துத்தான் எடுத்தேன். குறை சொல்ல மாட்டேன், மனம் உடைந்து அங்கே வந்து நிற்பவர்களுக்காகப் போட்ட வேலி அது. பேசுவதற்கு ஆள் உண்டு என்று தொலைபேசி எண்ணோடு ஒரு பலகையும் இருக்கிறது.

நடுப்பாலத்துக்குப் போனதும் மாமா நின்றுவிட்டார். கோபுர உச்சியிலிருந்து சரிந்து வரும் சங்கிலிகள் அங்கேதான் தாழ்ந்து நம் பக்கத்தில் வருகின்றன. சங்கிலி என்றதும் நகைக்கடைச் சங்கிலி மாதிரி வளையம் வளையமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நீள நீளமான தேனிரும்புப் பட்டைகள், இரண்டு முனையிலும் ஓட்டை, பல பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி ஓட்டை வழியாக ஒரு தடித்த முளையைக் கோத்திருக்கிறார்கள், அப்புறம் அடுத்த பட்டைகள், அப்புறம் அடுத்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று சங்கிலி, ஒன்றின் மேல் ஒன்றாக. அவற்றிலிருந்து பக்கத்துக்கு 81 கம்பிகள் இறங்கிச் சாலையைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. மாமா வேலியோடு ஒட்டி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "மாப்ளே, இது நம்ம சைக்கிள் செயின்தான். பிளேட்டு, பின்னு, பிளேட்டு, பின்னு. சைஸுதான் பெரிசு." இங்கிலாந்து வந்து பத்து நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோடைக்கால வார இறுதிகளில் பிற்பகல் இலவசமாகச் சுற்றிக்காட்டுகிறார்கள், நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், தவறவிடாதீர்கள். எங்களுக்குக் கிடைத்த தன்னார்வலர் வயதானவர், மெதுவான, தெளிவான ஆங்கிலம். நான் மாமாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கதை 1754-ல் தொடங்குகிறது. வில்லியம் விக் என்ற வியாபாரி சாகும்போது ஆயிரம் பவுண்டு விட்டுப்போகிறார், வட்டி ஏறிப் பத்தாயிரம் ஆனதும் இங்கே கல்பாலம் கட்ட வேண்டும் என்று. 1829-ல் எட்டாயிரம் தேறியிருக்கிறது. கல்லில் கட்ட அந்தப் பணம் எந்த மூலைக்கு? இரும்பில் தொங்குபாலம் என்று முடிவாகி ஒரு போட்டி வைக்கிறார்கள். நடுவர் தாமஸ் டெல்ஃபர்ட், அந்தக் காலத்துப் பெரிய பொறியாளர். வந்த அத்தனையையும் தள்ளிவிட்டுத் தன் வரைபடத்தையே நீட்டினார் மனிதர்! ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபோட்டியில்தான் புரூனல் ஜெயித்தார், வயது இருபத்து நான்கு. 1831-ல் அடிக்கல் போட்டார்கள், அதே வருஷம் ஊரில் பெரிய கலவரம், வேலை நின்றது. 1833-ல் ராஜா ராம்மோகன் ராய் இந்த ஊருக்கு வந்து இங்கேயே காலமானாரே (ஊருக்குள் காலேஜ் கிரீனில் அவருக்குச் சிலை இருக்கிறது), அப்போது இங்கே பாலமும் கிடையாது, கோபுரமும் கிடையாது. 1836-ல் மறுபடி தொடங்கி, பள்ளத்தின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டி, அதில் கூடை தொங்கவிட்டு அக்கரைக்குப் போனார்கள். முதலில் போன புரூனலின் கூடை நடுவில் மாட்டிக்கொள்ள, அவரே மேலே ஏறி விடுவித்தாராம். 1843 வாக்கில் கோபுரங்கள் எழும்பின, காசு தீர்ந்தது. வாங்கி வைத்திருந்த சங்கிலிகளை விற்றுவிட்டார்கள். இருபது வருஷம் நடுவில் ஒன்றுமில்லாமல் இரண்டு மொட்டைக் கோபுரங்கள்.

1859-ல் புரூனல் போய்ச் சேர்ந்தார். அவர் நினைவாகவாவது முடிப்போம் என்று ஹாக்‌ஷா, பார்லோ என்ற இரண்டு பொறியாளர்கள் கையில் எடுத்தார்கள். லண்டனில் புரூனலே கட்டிய ஹங்கர்ஃபோர்டு தொங்குபாலத்தை ரயிலுக்காக அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கிலிகளை இங்கே கொண்டுவந்து மாட்டினார்கள். 1864 டிசம்பர் 8 அன்று திறப்பு.

"அப்ப இது செகண்ட் ஹேண்ட் செயினா?" என்று மாமா நடுச்சாலையில் சத்தமாகவே கேட்டார். ஆமாம் மாமா. "செகண்ட் ஹேண்டுல நூத்தி அறுவது வருஷமா ஓடுது!" வாடிக்கையாளர் யாரோ ஒருத்தருடன் பழைய சண்டை ஏதோ நினைவுக்கு வந்தது போல இருந்தது அவர் தொனி.

பெரும்பாலானவர்கள் நடுப்பாலம் வரை போய் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இது பெரிய தப்பு. அக்கரையில், லீ வுட்ஸ் பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே ஒரு காட்சிக்கூடம், அதுவும் இலவசம், சிறியது, கழிப்பறைக்கு அலைய வேண்டாம். அந்தப் பக்கக் கோபுரத்தில் லத்தீனில் எழுதியிருப்பதை அண்ணாந்து பாருங்கள்: 'சஸ்பென்சா விக்ஸ் வியா ஃபிட்'. தொங்கும் வழி அரும்பாடுபட்டு உருவானது என்று பொருள். 'விக்ஸ் வியா' என்பது விக்கின் வழி என்றும் காதில் விழும். நல்ல சிலேடை.

அந்தக் கோபுரத்துக்குக் கீழே மலை மாதிரி செங்கல் நிறக் கல்கட்டு இருக்கிறதே, அது முழுக்கக் கெட்டிக் கல் என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2002-ல்தான் உள்ளே பன்னிரண்டு வளைகூரை அறைகள் இருப்பது தெரியவந்தது, சில அறைகள் பதினோரு மீட்டர் உயரம். கூரையிலிருந்து உறிஞ்சுகுழல் மாதிரி மெல்லிய சுண்ணாம்பு விழுதுகள் தொங்குகின்றன. தலைக்கவசம் போட்டுக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், கட்டணம் உண்டு, முன்பதிவு கட்டாயம். நாங்கள் போன அன்று இடம் தீர்ந்துவிட்டது, காட்சிக்கூடத்துப் படங்களோடு திருப்திப்பட வேண்டியிருந்தது. நேரே போனால் கிடைக்கும் என்று நினைத்தது என் சோம்பேறித்தனம்தான்.

இக்கரைக்குத் திரும்பி அப்சர்வேட்டரி மேட்டுக்குப் போனால் முழுப் பாலமும் ஒரே பார்வையில் கிடைக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு பாறைச் சரிவு. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் சறுக்கிச் சறுக்கி அம்மிக்கல் மாதிரி வழவழவென்று ஆகியிருக்கிறது. என் மகள் ஏழெட்டு தடவை சறுக்கியதில் பேன்ட் பின்பக்கம் போயே போச்சு. பழைய பேன்ட் போட்டுக் கூட்டிப்போங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது. கிளிஃப்டன் கடைத்தெருவில் ஒரு கபேயில் ஆறிப்போன சூப்புக்கும் நாலு ரொட்டிக்கும் கொடுத்த காசில் வீட்டில் ரெண்டு நாள் சமைக்கலாம். மனைவி சொன்னபடி புளிசாதம் கட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும், புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட எவ்வளவோ இடம்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரையைக் குறைத்தது அந்த ஏற்றத்துக்கும் காற்றுக்கும், பாலத்தின் மேல் புகார் இல்லை.

திரும்பும் ரயிலில் மாமா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். டிட்காட் தாண்டும்போது கண்ணைத் திறந்து, "அந்த ஒரிஜினல் செயினை யாருக்கு வித்தாங்க?" என்றார். பிளைமவுத் பக்கம் சால்டாஷில் புரூனல் கட்டிய ரயில் பாலத்துக்குப் போயிற்று, இன்னமும் அதன் மேல் ரயில் ஓடுகிறது என்றேன். ஊருக்குத் திரும்ப அவருக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ரெடிங்கிலிருந்து சால்டாஷுக்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் அதிகம்தான்.