ராமேசுவரம் பக்கம் கேரவன் வாடகைக்கு எடுக்கிறீர்களா? முதலில் கட்டிலுக்கு அடியில் பாருங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் மூன்று இரவு தங்குவதற்காக எடுத்த வாடகைக் கேரவன் இது. டெம்போ டிராவலரில் பாடி கட்டியது. விளம்பரத்தில் சொன்னவை: நான்கு பேர் படுக்கலாம், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி, கரண்ட் இல்லாத இடத்திலும் ராத்திரி முழுக்க ஏசி, 100 லிட்டர் நல்ல தண்ணீர், தனுஷ்கோடியில் கடலைப் பார்த்தபடி இரவுத் தங்கல். வந்த வண்டியில் இருந்தவை: தண்ணீர் ஊற்றும் மூடிகளோடு ஒரே ஒரு 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி (ஈயப் பேட்டரியில் ஒரு வகை), அதன் மேல் 'லித்தியம்' என்று ஒரு ஸ்டிக்கர், அரைமணி நேரத்தில் நின்றுபோன ஏசி, வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர், கருப்புப் பெயின்ட்டுக்கு அடியில் உதிர்கிற சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்). தனுஷ்கோடிக்குள் இருட்டிய பிறகு யாரையும் தங்க விடுவதில்லை; சாயங்காலமே போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். அது தெரியாமல் அந்த விளம்பரம் எழுதப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. உரிமையாளர் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. எந்தெந்த இடத்தில் ஏமாற்று ஒளிந்திருந்தது, சாவி வாங்குவதற்கு முன்பே அதை எப்படிப் பிடிப்பது என்பது மட்டும் இங்கே.

முதலில் ஏசி, ஏனென்றால் இதில்தான் உயிர் போகும்.

வண்டியைக் காட்டியபோது உள்ளே சில்லென்று இருந்தது. ஷெட்டிலேயே கரண்ட் ஒயர் மாட்டி ஓடவிட்டு, ஆள் வருவதற்குச் சற்று முன் பிடுங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே குளிர்ந்த வண்டிக்குள் கம்ப்ரசருக்கு வேலை குறைவு. பத்து நிமிடம் பேட்டரியில் ஓட்டிக் காட்டுவது எந்தப் பேட்டரிக்கும் பெரிய காரியமில்லை. கணக்கைப் பாருங்கள். 150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் என்றால் 1,800 வாட்-ஹவர். ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அது சீக்கிரம் செத்துவிடும். ஆக கையில் இருப்பது 900. ஒரு டன் ஏசி சுமார் 1,000 வாட் இழுக்கும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து போவது 1,150-க்கு மேல். காகிதத்தில் முக்கால் மணி நேரம் வரும். ஈயப் பேட்டரியிலிருந்து இவ்வளவு வேகமாக உருவினால் அதன் கொள்ளளவே சுருங்கிவிடும் என்பதால் நிஜத்தில் அரைமணிதான்.

முக்கால் டன் இன்வெர்ட்டர் ஏசி போட்டு, சராசரி 450 வாட்டில் எட்டு மணி நேரம் ஓட்டினால்கூட 4,000 வாட்-ஹவருக்கு மேல் வேண்டும். அதற்கு 12.8 வோல்ட் லித்தியத்தில் 400 ஆம்பியர்-ஹவர் இருக்க வேண்டும். கூரையில் 400 வாட் சோலார் இருந்தாலும், தட்டையாகப் படுக்கவைத்த பலகையில் ஒரு நல்ல வெயில் நாளில் 1,600 வாட்-ஹவர் ஏறினால் அதிகம். முதல் இரவு ஓடும், இரண்டாம் இரவு ஓடாது. ஆகவே 'கரண்டே வேண்டாம், ராத்திரி முழுக்க ஏசி' என்று யார் சொன்னாலும் பேட்டரி எத்தனை, சோலார் எத்தனை வாட் என்று கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். கட்டில் பலகையைத் தூக்கச் சொல்லிப் பேட்டரியைப் பாருங்கள். மேலே ஆறு மூடிகளோ, தண்ணீர் மட்டம் காட்டும் மிதவைக் குச்சிகளோ இருந்தால் அது ஈயப் பேட்டரி. ஒருமூலையைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும்: 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் ஐம்பது கிலோவைத் தாண்டும், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அதில் பாதிதான். அடுத்து, இன்ஜினை அணைத்து, கரண்ட் ஒயரைப் பிடுங்கி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவைத்து உள்சூடு ஏறவிட்டு, பிறகு மூடி ஏசியைப் போடுங்கள். பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்து முப்பது நிமிடம் பாருங்கள். சார்ஜ் நிறைந்த லித்தியம் சுமையிலும் 12.8 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ஈயம் 11-ஐ நோக்கிச் சரியும், 10.5-ஐ நெருங்கும்போது இன்வெர்ட்டர் கூவும். முப்பது நிமிடம் காத்திருக்க மறுப்பவரிடம் வண்டி எடுக்கக் கூடாது.

இதில் உயிர் எங்கே வருகிறது? பேட்டரி படுத்த பிறகு 'இன்ஜினை ஐடிலில் விட்டுத் தூங்குங்கள்' என்றோ, 'ஜெனரேட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்' என்றோ போனில் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு தளத்து ஓட்டை வழியாக உள்ளே ஏறியதே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். ஒயர், கழிவுநீர்க் குழாய் இறங்கும் ஓட்டைகளை இங்கே பாடி கட்டுபவர்கள் பெரும்பாலும் சரியாக அடைப்பதில்லை. பகலில் உள்ளே மெத்தை, பாய் எல்லாம் நீக்கி, கீழிருந்து ஒருவர் டார்ச் அடிக்க, மேலே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்த இடமெல்லாம் புகை வரும் வழி. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைச் சொந்தமாக வாங்கித் தலைமாட்டு உயரத்தில் மாட்டுங்கள். தலைவலியோ குமட்டலோ ஒருவருக்கு மேல் வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லோரும் வெளியே வர வேண்டும்.

ஏசி இல்லாமல் இந்தக் கரையில் தூங்க முடியாதா? முடியும். குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம் ஓடினால் 600 வாட்-ஹவர். அந்த 150 பேட்டரியே தாங்கும். கொசுவலையும், எதிரெதிரே திறக்கும் இரண்டு ஜன்னலும் இருந்தால் போதும். உள்ளதை உள்ளபடி சொல்லி வாடகை கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது துரு. தீவில் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. எந்தக் காற்றும் உப்போடுதான் வரும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தியதற்குப் பின்னால் இருந்ததும் இந்த அரிப்புதான். இங்கேயே நிற்கிற வண்டியின் அடிப்பாகம் பளபளவென்று கருப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே கோட்டிங் அடித்தால், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாகத் தின்னும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் சேஸைத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், தின்றுபோனது மொத்தென்று கேட்கும். கமான் பட்டை சேஸில் சேரும் இடம், பிரேக் குழாய் கிளிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் பகுதி, சைலன்சர் இணைப்பு, மடக்குப் படியின் பிராக்கெட், இந்த நான்கையும் விடாதீர்கள். பக்கவாட்டுத் தகட்டில் துணி சுற்றிய காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் இரும்பு இல்லை, பட்டி அடித்திருக்கிறார்கள். எங்கள் வண்டியில் படி உடைந்தது, அதற்கான பணமும் எங்கள் டெபாசிட்டில்தான் கழிந்தது.

ஆகவே எடுக்கும்போது அடிப்பாகம், கூரை, ஆனிங் (பக்கவாட்டில் விரிக்கும் நிழல் பந்தல்) கை, படி, டயர், கிலோமீட்டர் எண் எல்லாவற்றையும் உரிமையாளர் குரலும் பதிவாகும்படி ஒரே வீடியோவாக எடுத்து, அங்கேயே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். திரும்பக் கொடுக்கும்போதும் அப்படியே. தனுஷ்கோடி சாலையில் போய்வந்த நாளில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினீர்கள் என்பதையும் வீடியோவில் காட்டுங்கள். கழுவும்போது இன்ஜின் பக்கம் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம், ஒயர் இணைப்புகளுக்குள் இறங்கும்.

தண்ணீர் விஷயம் இந்த மாவட்டத்துக்கே தலைவலி. பல ஊர்களில் போர் தண்ணீர் உவர். குடிக்கக் காவிரிக் குழாயையோ குடம் கணக்கில் விற்கும் வண்டியையோதான் நம்பியிருக்கிறார்கள். வாடகைக்காரர் தன் ஷெட் போரிலிருந்து டேங்கை நிரப்பிவிட்டு 'ஃபுல் டேங்க்' என்பார். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரைக் குழாயடியில் வைத்துப் பாருங்கள். குடிதண்ணீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டினால் குடிக்க மட்டுமல்ல, பம்புக்கும் கெய்சர் காயிலுக்கும் ஆகாது. பம்பைப் போட்டுவிட்டு எல்லாக் குழாயையும் மூடுங்கள். சத்தம் நின்றுவிட வேண்டும். சற்று நேரத்துக்கொரு தரம் தானாக 'டுர்' என்று ஓடினால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில், பேட்டரிக்குப் பக்கத்தில்.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பாசி தெரியும். தெரிந்தால், 100 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி என்ற அளவில் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (வாசனை சேர்க்காதது) கலந்து, ஒவ்வொரு குழாயிலும் அந்த வாடை வரும்வரை திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் ஊறவைத்து, முழுதாக வடித்து, இரண்டு தரம் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இது வாடகைக்கு விடுபவர் செய்ய வேண்டிய வேலை. செய்யாத வண்டியில் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட் டாய்லெட்டை (கழிவுப் பெட்டியைக் கழற்றி எடுக்கும் கழிப்பறை) எங்கே காலி செய்வது என்று முன்பே கேளுங்கள். 'எங்கேயாவது ஊற்றிவிடுங்கள்' என்றால் அவர் உங்களைக் குற்றம் செய்யச் சொல்கிறார். மண்டபம் ஊருக்குத் தெற்கே பவளப்பாறையும் கடற்புல்லும் இருக்கிற கடல் தேசியப் பூங்கா. தங்கும் லாட்ஜில் பேசி, ரசாயனம் போடாத கழிவை அவர்கள் கழிப்பறையில் ஊற்றுவதே நடக்கிற காரியம்.

கேஸ்: வீட்டுச் சிவப்பு 14.2 கிலோ சிலிண்டரை வாடகை வண்டியில் வைப்பது சட்டப்படி தப்பு, வெளியில் விற்கும் 5 கிலோ சிலிண்டர்தான் சரி. எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டிக்குக் கீழ்மட்டத்தில் வெளிப்பக்கம் திறப்பு இருக்க வேண்டும், அலாரமும் தரையோரம் இருக்க வேண்டும்.

ஆடிக் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஆனிங்கை விரித்துவிட்டு நகரக் கூடாது. ஒரே வீச்சில் கை வளையும், டெபாசிட் போகும். அந்த மாதங்களில் தெற்குக் கரை கொந்தளிக்கும், அரியமான் போன்ற வடகரை அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் நேர்மாறு. தெற்கே ஆண் கடல், வடக்கே பெண் கடல் என்று ராமேசுவரத்துக்காரர்கள் சொல்வதைக் கேட்டு நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்கட்டும். மணலில் இறக்கச் சொல்லி யார் வழிகாட்டினாலும் டிராவலர் அங்கே போகாது. புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எல்லோரும் இறங்குங்கள். தண்ணீர் டேங்கை வடித்தால் 100 கிலோ குறையும். டயர் காற்றை மூன்றில் ஒரு பங்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி, பனை மட்டையை நெருக்கமாகப் பரப்பி, முதல் கியரில் மெதுவாக ஏற்றுங்கள். தார்ச்சாலை ஏறியதும் காற்றை மறுபடி நிரப்பாமல் ஓட்டக் கூடாது.

காகிதம் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. விபத்தானால் வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டை மறுத்துவிடுவார்கள். டிரைவரோடு வருவது மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து, நீங்களே ஓட்டுவது கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் காப்பீடும் எஃப்சியும் (தகுதிச் சான்று) உயிரோடிருக்கின்றனவா என்று தெரியும். வண்டியின் வகை ஆர்சியில் (பதிவுச் சான்று) என்னவென்று இருக்கிறது என்றும் பாருங்கள். கட்டமைப்பை மாற்றி ஆர்சியில் ஏற்றாமல் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம்.

பணத்தை நிறுவனக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், தனிநபர் யுபிஐக்கு வேண்டாம். பேட்டரி வகை, ஆம்பியர்-ஹவர், ஏசி ஓடும் நேரம், தங்கும் இடம் நான்கையும் எழுத்தில் வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் என்றதும் அதைத்தான் முதலில் அழிப்பார்கள். 1915-க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. வண்டி எடுத்தது ராமநாதபுரம் என்பதற்காக அங்கே போய் நிற்கவும் தேவையில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எங்கள் மனுவோடு இணைத்தவை மூன்று: விளம்பரத்தின் படம், ஸ்டிக்கரை உரித்த பேட்டரியின் படம், மீட்டர் 10.6 வோல்ட் காட்டும் வீடியோ.