ரொதேஸ் ஊர் சூலாஜ் மியூசியம்: ஒரு பெயிண்டர் போய்ப் பார்த்த கறுப்பு

நான் பிரான்ஸில், துலூஸ் நகரத்தில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். வாரம் ஆறு நாள் பெயிண்ட் வாசனை. ஏழாம் நாளும் பெயிண்டைப் பார்க்கவா போக வேண்டும்? மனைவி விடவில்லை, ரொதேஸில் ஓவியர் சூலாஜின் மியூசியத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். முதல் தடவை திங்கட்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தோம். கோடை மாதங்கள் தவிர திங்கள் விடுமுறை என்பதைப் பார்க்காமல் கிளம்பியது என் தப்பு. இரண்டாவது தடவை ஞாயிறு.

துலூஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டேஷன் பள்ளத்தில், ஊர் மேட்டில். மூச்சு வாங்க ஏறினால் ஃபுவாராய் பூங்காவில் துருப்பிடித்த பெரிய இரும்புப் பெட்டிகள் மாதிரி நிற்கிறது மியூசியம். ஆர்.சி.ஆர் என்ற ஸ்பெயின் நாட்டுக் கத்தலான் கட்டடக் கலைஞர்கள் கட்டியது, 2014இல் திறந்தது. துருவைச் சுரண்டியே என் முதுகு போயிற்று. இங்கே வேண்டுமென்றே துருவேற விட்டிருக்கிறார்கள். கோர்ட்டன் எஃகு, மேலே படியும் துருவே உள்ளிருக்கும் இரும்பைக் காக்குமாம். சரி, ஒத்துக்கொண்டேன்.

பியேர் சூலாஜ் இதே ஊர்க்காரர். 1919 டிசம்பர் 24இல் பிறந்து, 2022 அக்டோபரில் 102 வயதில் இறந்தார். கைவினைக்காரர்கள் இருந்த தெருவில் வளர்ந்தவர், அப்பா வண்டி செய்கிறவர். சின்ன வயதில் வெள்ளைத் தாளில் கறுப்பு மையை இழுத்துக்கொண்டிருந்தவரிடம் என்ன வரைகிறாய் என்று கேட்டதற்கு, வெண்பனி என்றாராம். யோசித்தால் சரிதான். பக்கத்தில் கறுப்பு இருந்தால் தாள் இன்னும் வெளுப்பாகத் தெரியும்.

என்னை முதலில் நிறுத்தியது பெரிய ஓவியங்கள் இல்லை, வெளிச்சம் குறைத்த இடத்தில் மாட்டியிருக்கும் பழைய தாள்கள். 1940களின் கடைசியில் வரைந்தவை. வால்நட் தோலில் எடுக்கிற பழுப்புச் சாயம். தச்சர்கள் மரத்துக்கு நிறமேற்றப் பூசுவது. பிரஷ்ஷும் ஓவியக் கடையில் வாங்கியதில்லை, எங்களை மாதிரி ஆட்கள் பிடிக்கிற பட்டை பிரஷ். சாயம் தீரத் தீர முடிகள் பிரிந்து கோடு கோடாக விழுந்திருக்கிறது. என் வேலையில் அப்படி விழுந்தால் முதலாளி திரும்ப அடிக்கச் சொல்வார்.

அப்புறம் கறுப்பு. 1979இல் ஒரு கேன்வாஸோடு மணிக்கணக்காக மல்லுக்கட்டி, எல்லாம் கறுப்பாகிப் போய், வெறுத்துப் படுத்துவிட்டாராம். எழுந்து வந்து பார்த்தால் கறுப்பு கறுப்பாக இல்லை. பெயிண்டின் வரிகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அதற்கு 'ஊத்ரநுவார்', அதாவது கறுப்புக்கு அப்பால், என்று பேர் வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் அதையே செய்தார்.

போட்டோவில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தாரைக் கொட்டியது மாதிரி இருக்கும். நேரில் நின்று இடது பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தேன். கறுப்பாக இருந்த பட்டை வெள்ளி நிறமானது, வெள்ளியாக இருந்தது அணைந்துவிட்டது. குனிந்தால் வேறு. கரண்டியால் சிமென்ட் இழுத்த மாதிரி வரிகள்; ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் தள்ளப்பட்ட பெயிண்ட் மேடாக நிற்கிறது. ஆயில் பெயிண்டை இவ்வளவு கனமாகப் போட்டால் மேல் தோல் காய்ந்து சுருங்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். அதனால்தானோ என்னவோ, 2004க்கு அப்புறம், தண்ணீரில் கரைத்துச் சீக்கிரம் காயும் அக்ரிலிக் பெயிண்டுக்கு மாறிவிட்டார். தைரியமாகக் கனம் ஏற்றலாம்.

ஓவியங்களுக்குத் தலைப்பு என்று எதுவும் கிடையாது. 'ஓவியம்', அளவு, தேதி. எங்கள் பில் மாதிரியே. 1961இல் வரைந்த ஒன்று 2021இல் நியூயார்க் ஏலத்தில் 2 கோடி டாலருக்கு மேல் போனது என்று மனைவி படித்துச் சொன்னாள். 195க்கு 130 செ.மீ. மனசுக்குள் கணக்குப் போட்டேன்: சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 80 லட்சம் டாலர். என் ரேட்டை இங்கே எழுதப் போவதில்லை.

"ஏங்க, நம்ம வீட்டு வாசக்கதவுக்கு நீங்க அடிச்ச கறுப்பு ஏன் இப்படி மின்னல?" என்று கேட்டாள். அது மினுங்காத 'மேட்' பெயிண்ட் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வெயில் மேகம் மாறி மாறி வருகிற நாளாக இருந்தால் நல்லது. சாப்பாட்டுக்கு மட்டும் என் வழியைப் பின்பற்ற வேண்டாம். வழியில் ஒரு கடையில் வாங்கிய சாண்ட்விச் கல்லு மாதிரி.

கோங்க் ஊர் மடாலயக் கோயிலுக்குச் சூலாஜ் செய்த 104 ஜன்னல்களுக்கான முழு அளவு வரைபடங்களும் இங்கே இருக்கின்றன. நிறமே இல்லாத, அந்தப் பக்கம் தெரியாத, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி. பல நூறு சோதனைக்குப் பிறகு 1994இல் முடிந்த வேலை. பதினாலு வயசில் அந்தக் கோயிலைப் பார்த்துத்தான் ஓவியனாவது என்று முடிவு செய்தாராம். கோங்க் வடக்கே நாற்பது கிலோமீட்டர் போல. கார் இல்லாததால் அன்று போக முடியவில்லை. அடுத்த மாதம் வேனிலேயே போகிறோம், ஏணியை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு.